ஊசி புதுசு எண்டா போதுமோ? பச்சை குத்துவது பற்றிக் கேள்வி பதில் (கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு)

பரந்தன்: அண்ணை, கையில பச்சை குத்தப் போறன். ஊசி புதுசுதான் எண்டு கடைக்காரர் சொல்லுறார். வேற என்ன பாக்கவேணும்?

ஊசி புதிது என்பது பாதிப் பதில்தான் தம்பி. உறையை உங்கள் கண்முன்னே கிழிக்கவேண்டும். காலாவதித் திகதி உறையிலேயே இருக்கும். அடுத்து, ஊசி ஓடுகிற பிடியும் குழாயும். அவை மாறாவிட்டால் உங்களுக்கு முன் குத்தியவரின் இரத்தம் அதற்குள் இருக்கும். ஒருமுறை பாவித்து எறிகிற பிடி நல்லது. இல்லையென்றால் ஓட்டோகிளேவில் அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் இருந்ததாக இருக்கவேண்டும். கொதிநீர் இதற்குப் போதாது. நீல வெளிச்சம் எரிகிற பெட்டி, கிருமி நீக்கிய சாமானை வைத்திருக்க மட்டுமே.

மையை ஒரு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றவேண்டும். மிச்சத்தை எறியவேண்டும். அதைத் திருப்பிப் போத்தலுக்குள் ஊற்றினால் முழுப் போத்தலும் பழுது.

இனி யாரும் கேட்காத ஒன்று: தண்ணீர். நிழல் போடக் கறுப்பு மையை நீர்த்துச் சாம்பல் நிறமாக்குவார்கள். எந்தத் தண்ணீரில்? கிணற்று நீர், குழாய் நீர், கடைப் போத்தல் நீர் மூன்றும் பிழை. பாமசியில் விற்கிற, ஊசிமருந்து கரைக்கும் கிருமியற்ற நீர்தான் சரி. சாதாரண நீரில் காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான ‘மைக்கோபக்டீரியம் செலோனே’ இருக்கக்கூடும். குடித்தால் ஒன்றுமில்லை, தோலுக்குள் ஏற்றினால் ஒன்று தொடக்கம் மூன்று கிழமைக்குள் சாம்பல் நிழல் போட்ட இடத்தில் மட்டும் சிவந்த பருக்கள் கிளம்பும். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காது. தோலில் துண்டெடுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டி வரும். 2011-12 இல் அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் 19 பேருக்கு இப்படி வந்தது. அங்கே ஊசியில் பிழையில்லை. நீர்த்தே விற்கப்பட்ட மையில்தான் கிருமி இருந்தது.

வவுனியா: ஸ்பிரிட்டால துடைச்சா ஊசியைத் திருப்பிப் பாவிக்க ஏலுமோ?

ஏலாது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் 7 நாளாவது உயிரோடு கிடக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இது 2003 இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி இரண்டுக்கும் தடுப்பூசி கிடையாது.

முள்ளியவளை: மகளுக்குக் கலியாண வீட்டில கறுப்பு மருதோன்றி போட்டவை. இப்ப கொப்புளமாக் கிடக்கு ஐயா.

அம்மா, உண்மையான மருதோன்றி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதற்குள் தலைமயிர் டை கலந்திருக்கும். அதிலிருக்கிற பி.பி.டி. என்ற இரசாயனத்தின் வேலை இது. இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிள்ளை இனி ஆயுளுக்கும் தலைக்கு டை பூசக்கூடாது. மரக்கப் போடும் சில மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பல் பிடுங்கப் போனால் இதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு: செல் (எறிகணை) காயத் தழும்புக்கு மேல குத்தி மறைக்கலாமோ? எம்.ஆர்.ஐ. எடுக்க ஏலாமல் போகும் எண்டுறாங்கள்.

தழும்பு சிவப்பும் அரிப்பும் அடங்கி, மட்டமாகி, ஒரு வருடமாவது போகட்டும். தழும்பில் மை சீராகப் பிடிக்காது, பரவும். தழும்பு தடித்துக் காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கீலொயிட். அதன்மேல் குத்தினால் இன்னும் வளரும். நெஞ்சிலும் தோளிலும் இது கூடுதலாக வரும்.

எம்.ஆர்.ஐ.யில் பச்சை எப்போதாவது சுடும், அவ்வளவுதான். உடம்பில் மிஞ்சியிருக்கிற இரும்புத் துண்டு வேறு கதை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் அதை அசைக்கலாம், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட என்றால் பெரிய ஆபத்து. பச்சையைச் சொல்ல மறந்தாலும் துண்டைச் சொல்ல மறக்காதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

மாங்குளம்: ஊசி புதுசு எண்டா பிரச்சினை இல்லைத்தானே?

மேலே இருக்கிறது. தண்ணீர்ப் பந்தியை இரண்டுதரம் வாசியுங்கள்.

வற்றாப்பளை: செடில் குத்திக் காவடி எடுக்கிறவைக்கு ஒண்டும் வாறேல்லையே. விபூதி போட்டா ஆறுது. பச்சைக்கு மட்டும் ஏன் இந்தப் பயப்படுத்தல்?

நல்ல கேள்வி. செடில் முள், அதாவது தோலில் கொளுவும் கொக்கி, அன்றைக்கே கழன்றுவிடும், துளைகளும் சில. பச்சை ஊசி நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இறங்கி, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் மையை நிரந்தரமாக விட்டுவிட்டு வரும். மையோடு போன கிருமியும் உள்ளேதான். ஆனால் ஒருவருக்குக் குத்திய முள்ளை மற்றவருக்குக் குத்தினால் ஹெபடைடிஸ் ஆபத்து செடிலிலும் பச்சையிலும் ஒன்றுதான்.

அதே ஊர், இன்னொருவர்: சாமி காரியத்தில கை வைக்காதேங்கோ.

சாமியில் வைக்கவில்லை, முள்ளில்தான். அது எஃகு, ஓட்டோகிளேவைத் தாங்கும். நேர்த்திக்காரர் தன் முள்ளைத் தானே வைத்திருந்தால் நேர்த்திக்கு என்ன குறை? விபூதி எரிந்தபோது கிருமி செத்தது சரி. அதன்பிறகு அந்தத் தட்டில் எத்தனை கை பட்டது?

ஒட்டுசுட்டான்: அப்பம்மாவுக்குக் குறத்தி கரியால குத்தினது. எண்பது வயது, சுகமா இருக்கிறா.

இருக்கட்டும், சந்தோசம். ஹெபடைடிஸ் சி இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். அதே ஊசியால் குத்துப்பட்ட மற்றவர்கள் எதில் செத்தார்கள் என்று யார் சோதித்தது? செடில் கதை இத்தோடு போதும், வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள்.

விசுவமடு: குத்தி நாலு நாள். பெரும்போக விதைப்பு, வயலுக்கு இறங்கலாமோ? எனக்குச் சலரோகமும் இருக்கு.

இறங்காதீர்கள். புதுப் பச்சை திறந்த காயம். ஈரச் சேற்றில் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கும். அது சலரோகக்காரரையே தேடிப் பிடிக்கும், இரத்தத்தில் ஏறினால் உயிராபத்து. எலிக்காய்ச்சலும் அதே வழியால் வரும். குறைந்தது இரண்டு மூன்று கிழமை, பொருக்கு முழுக்க உதிரும்வரை, வயல், குளம், நந்திக்கடல் எதிலும் இறங்கவேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர் புதுப் பச்சையோடு உப்புநீரில் இறங்குவது மிகவும் ஆபத்து. 2017 இல் வெளியான மருத்துவ அறிக்கையில், குத்தி ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஈரல் நோயாளி ஒருவர் விப்ரியோ கிருமியால் இறந்தார். தினம் இருதரம் சவர்க்காரமும் கொதித்தாறிய நீரும் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிசாக வஸ்லீன். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

மன்னார்: பழைய பேரை அழிக்கக் கஜுக்கொட்டைப் பால் பூசச் சொல்லுறாங்கள்.

வேண்டாம் தங்கச்சி. அது தோலை எரித்துப் பேரைவிடப் பெரிய தழும்பை விடும். லேசர்தான் வழி. கறுப்பு நன்றாகப் போகும், மற்ற நிறங்கள் கஷ்டம். நம்மைப் போன்ற கறுத்தத் தோலில் வெள்ளைத் திட்டு விழாமல் செய்யத் தெரிந்த தோல் வைத்தியரிடம் போகவேண்டும்.

துணுக்காய்: சிவப்பு மை குத்தி ஒரு வருசத்துக்குப் பிறகு கடிக்குது, தடிச்சிருக்கு.

ஒவ்வாமை. சிவப்பில்தான் கூடுதலாக வரும், வருடங்கள் கழித்தும் வரும். தோல் கிளினிக். மேலே இன்னொரு நிறம் குத்தி மறைக்காதீர்கள்.

மல்லாவி: பச்சை இருந்தா வெளிநாட்டு விசா மெடிக்கல் பிழைக்குமோ?

என் பாடமல்ல. தூதரகத்தைக் கேளுங்கள். இரத்தம் கொடுக்கப் போனால் மட்டும் படிவத்தில் மறைக்காதீர்கள்.

பரந்தன்: அண்ணை, திரும்பக் கேட்டுப் பாத்தன். ஊசி புதுசு, பிடியும் புதுசு. மை கரைக்கிறது நல்ல கொம்பனிப் போத்தல் தண்ணியாம். இனிச் சரிதானே?

குடிக்கச் சரி.