ஒலிம்பிக்கில் இலங்கை: கேள்வி பதில்

(மெய்வல்லுநர் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

மட்டக்களப்பு மாணவி: சேர், சுசந்திகா ஜயசிங்க வாங்கியது வெண்கலமா, வெள்ளியா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

வெள்ளி என்று எழுது, பிள்ளை. 2000 சிட்னி, 200 மீற்றர். மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன், பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27, சுசந்திகா 22.28. அன்று மேடையில் அவருக்குப் போட்டது வெண்கலம்தான். ஊக்கமருந்து பாவித்ததை ஜோன்ஸ் 2007இல் ஒப்புக்கொண்டார், பதக்கங்கள் பறிபோயின. 2009இல் டேவிஸுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் என்று திருத்தினார்கள். அதற்கு முன் அச்சான பொது அறிவுப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடு.

இன்னொன்றையும் பார். முடிவுக் கோட்டில் நெஞ்சுப் பகுதிதான் கணக்கு; தலையோ கையோ முந்தினால் பயனில்லை. அந்த நூறில் ஒரு செக்கன் மட்டும் மாறி விழுந்திருந்தால் இன்று இலங்கையிடம் ஓர் ஒலிம்பிக் தங்கம் இருந்திருக்கும். கோட்டில் நெஞ்சை முன்தள்ளிக் குனியப் பழகாத பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

வவுனியா வாசகர்: முதல் பதக்கம் யாருடையது?

டங்கன் வைட். 1948 லண்டன், 400 மீற்றர் தடைதாண்டல், 51.8 செக்கன், வெள்ளி. சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெயரும் சிலோன்தான்.

யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்: எங்கள் எதிர்வீரசிங்கம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரல்லவா?

இல்லை, அண்ணை. போட்டிகளைக் குழப்பாதீர்கள். அவர் தங்கம் வென்றது 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில்: உயரம் பாய்தல், 2.03 மீற்றர். ஒலிம்பிக்கில் இரண்டு முறை பங்குபற்றினார். 1952இல் ஹெல்சிங்கிக்குப் போனபோது வயது 17. யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை. இல்லாத தங்கத்தைக் கொடுத்து அவரை உயர்த்தத் தேவையில்லை.

கொழும்பு வாசகர்: சுசந்திகாவுக்கு வெண்கலம்தானே?

மேலே வாசியுங்கள்.

கண்டி வாசகர்: இன்னொருவர் தகுதியிழந்து கிடைத்ததை வெள்ளி என்பது நியாயமா? ஓடி வென்றது வெண்கலம்.

நேர்மையாக ஓடியவர்களில் அவர் இரண்டாவது. பிறகென்ன? ஒன்பது வருடம் தவறான நிறத்தை வைத்திருந்தவருக்குத்தான் அநியாயம்.

அதே கண்டி வாசகர்: அப்படியானால் ஜோன்ஸிடமிருந்து பறித்த சிட்னி 100 மீற்றர் தங்கம் ஏன் இரண்டாவதாக வந்தவருக்குப் போகவில்லை?

நல்ல அடி! அங்கே இரண்டாவது கிரேக்கத்தின் தானு. 2004 ஏதன்ஸில் ஊக்கமருந்துச் சோதனைக்கு வராமல் சிக்கலில் மாட்டியவர். அதனால் தங்கத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளி தானுவிடமே இருக்கிறது. ஆக, இடம் உயர்த்துவது கண்மூடித்தனமாக நடப்பதில்லை. 200இல் கேள்வியே எழவில்லை என்பதுதான் என் பக்கத்துச் சாட்சி.

திருகோணமலை வாசகர்: பரிஸ் 2024க்கு ஏன் ஆறு பேர் மட்டும்?

தகுதி நேரமோ தரவரிசையோ வேண்டும். நீச்சல் போன்றவற்றில் சிறிய நாடுகளுக்கென்று சில இடங்கள் உண்டு. அவ்வளவுதான்.

பெயர் போடாதவர்: கிரிக்கெட் சேர்ந்தால் பதக்கம் வருமா?

கிரிக்கெட்காரரிடம் கேளுங்கள்.

மன்னார் வாசகர்: எங்களுக்குத் தங்கமே இல்லையா?

மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் இருக்கிறது. தினேஷ் பிரியந்த ஹேரத், டோக்கியோ, 2021 ஓகஸ்ட், ஈட்டி எறிதல், 67.79 மீற்றர், அப்போதைய உலக சாதனை. எழுதும்போது பாராலிம்பிக் என்றே எழுதுங்கள். நாளைக்கே யாரோ அதை ஒலிம்பிக் தங்கம் என்று கேட்டு வருவார்.