சிறு தீவு ஒன்றின் உள்ளாட்சிக்கு, மக்கள் வாழ்க்கைத் தரத்தில் பெரிய தலைவலி எது?

கேள்வி கேட்டவர் தண்ணீர், சாக்கடை, குப்பை, படகு, வீட்டு வாடகை, மருத்துவம் என்று ஒரு பட்டியலைப் போட்டு, உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகும் தான் எதை முதலில் கையில் எடுப்பது என்று கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் அடியில் இடிப்பது ஒரே கணக்குதான். தீவில் பதிவான மக்கள்தொகை ஒன்று, சீசனில் அங்கே தங்கும் கூட்டம் வேறு. வீட்டு வரி கட்டுவது முதல் கூட்டம். குழாயும் சாக்கடையும் படகும் தாங்க வேண்டியதோ இரண்டு கூட்டத்தையும் சேர்த்து. மேலிருந்து வரும் நிதியும் பெரும்பாலும் பதிவான தலைகளை எண்ணித்தான் வரும்.

நான் கழிவுநீர்த் திட்டங்களில் வேலை பார்ப்பவன். அதனால் என் கண் முதலில் நிலத்துக்கு அடியில்தான் போகும். மணலும் பவளமுமாக இருக்கும் தாழ்வான தீவுகளில், மழைநீர் மண்ணில் இறங்கி உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது கைபென்-ஹெர்ஸ்பெர்க் விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் வைத்து உறிஞ்சி நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் நாளடைவில் 4 மீட்டர் ஏறி வரும். பல வெப்பமண்டலத் தீவுகளில் ஆட்கள் வந்து குவிவதும் மழை இல்லாத மாதங்களில்தான். ஒரு ஓட்டல் ஆழ்துளைக் கிணற்றைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால், பக்கத்து வீட்டுக் கிணறு கரிக்க ஆரம்பிக்கும். கிணற்றுக்கு நாலு எட்டு தள்ளி, அதே மணலில்தான் கழிப்பறைக் குழியும் இருக்கும்.

ஹவாயில் இப்படிச் சுத்திகரிப்பே இல்லாமல் நேரே மண்ணில் இறங்கும் குழிகள் 80,000க்கும் மேல். 2050க்குள் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று 2017இல் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், கையில் காசில்லாத ஒரு சின்னத் தீவு என்ன செய்யும்?

பிலிப்பைன்ஸின் போராகாயில் நடந்தது இதன் உச்சம். சுமார் பத்து சதுர கிலோமீட்டர் தீவு. சாக்கடை இணைப்பு இல்லாத விடுதிகளுக்கும் அனுமதி கிடைத்துக்கொண்டே இருந்தது, கழிவுநீர் கடலில் கலந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே சுற்றுலாப் பயணிகளுக்கு மூடினார்கள். அந்த ஆறு மாதம் வருமானமில்லாமல் திண்டாடியவர்கள் தீவில் அன்றாடக் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். திறந்தபோது, ஒரு நேரத்தில் தீவில் இருக்கக்கூடிய சுற்றுலாப் பயணிகள் 19,215 பேர், ஒரு நாளில் வரக்கூடியவர்கள் 6,405 பேர் என்று வரம்பு வைத்தார்கள். இந்த எண்ணை முதல் ஓட்டல் கட்டும்போதே போட்டிருக்க வேண்டும்.

படகு விஷயத்தில் உள்ளாட்சியின் பாடு இன்னும் பரிதாபம். பெரும்பாலான இடங்களில் படகு அவர்களுடையது இல்லை. மாநில அரசோ தனியாரோ ஓட்டுவது. ஆனால் கடைசிப் படகைத் தவறவிட்டவன் வந்து திட்டுவது உள்ளாட்சி உறுப்பினரைத்தான். கட்டணத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அதே தூரத்தைச் சாலையில் ஓட்ட ஆகும் செலவை ஒட்டியே படகுக் கட்டணமும் இருக்கட்டும் என்று 2008இல் மேற்குத் தீவுகளில் சோதனையாக ஆரம்பித்து, 2015க்குள் அந்த வட்டாரம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மலிவானதும் வெளியூர்க் கார்கள் வந்து நிறைந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தீவுவாசிக்கு, கோடைக்காலத்தில் தன் காருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு படகிலும் உள்ளூர்க்காரருக்குக் கடைசி நேரம் வரை சில இடங்களை ஒதுக்கி வைப்பது கட்டணக் குறைப்பைவிட முக்கியம்.

வாடகையும் இதே கதை. வாரக் கணக்கில் விருந்தாளிகளுக்கு விட்டால் கிடைக்கும் பணம், வருடம் முழுக்க ஒரு செவிலியர் தரும் வாடகையில் கிடைக்காது. பள்ளிக்கு ஆசிரியர் நியமனம் ஆகியிருக்கும், தங்க வீடு இருக்காது, ஆள் திரும்பிப் போய்விடுவார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கெர்ன்சி தீவில் வீட்டுச் சந்தையையே, உள்ளூர்க்காரருக்கும் அனுமதி பெற்றவருக்கும் மட்டும் ஒன்று, வெளியாரும் குடியேறக்கூடிய திறந்த சந்தை ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் முதல், இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக வாங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்கும். யாரையும் துரத்துவதில்லை, பணமும் உள்ளாட்சிக்கே வருகிறது.

குப்பை பற்றி ஒன்று மட்டும். தீவுக்குள் வருகிற எல்லாம் காசு கொடுத்து வருகிறது, திரும்பிப் போக யாரும் காசு கொடுப்பதில்லை. பழைய ஃபிரிட்ஜ் கரையிலேயே துருப்பிடிப்பதற்குக் காரணம் மக்களின் சோம்பேறித்தனம் இல்லை, படகுக் கூலி. பசிபிக் தீவு நாடுகளான கிரிபாட்டியிலும் பலாவுவிலும் பானக் கேன்கள் இறக்குமதியாகும்போதே ஒரு வைப்புத்தொகையை வாங்கி, காலிக் கேனைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கைத் தருகிறார்கள். மீதிப் பணம் திட்டத்தை நடத்த. வாசலிலேயே பணத்தைப் பிடித்துவிடுவதால் இது நடக்கிறது.

மருத்துவத்தில் உள்ளாட்சியால் பெரிதாகச் செய்ய முடியாது. ஹெலிகாப்டர் இறங்க ஒழுங்கான இடம், பிரசவ தேதிக்கு முன்பே அக்கரைக்குப் போய்த் தங்க வேண்டிய பெண்களுக்கு ஒரு தங்குமிடம். இந்த இரண்டையாவது செய்யலாம்.

எதைக் கட்டுவது என்பதற்கு முன்னால், எவ்வளவுக்குக் கட்டுவது என்று பேசிய தீவுகளில் எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்தின் எக் (Eigg) தீவு. நூறு பேர் அளவில்தான் மக்கள். 1997இல் தீவையே மக்கள் சேர்ந்து வாங்கினார்கள். 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் சேர்த்துச் சொந்த மின்கட்டமைப்பு அமைத்தபோது, வீட்டுக்கு 5 கிலோவாட், கடை கண்ணிகளுக்கு 10 கிலோவாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். தாண்டினால் அந்த வீட்டின் இணைப்பு தானே துண்டிக்கும். கெட்டிலும் வாஷிங் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடலாமா என்று வீட்டுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும். தொந்தரவுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே தொந்தரவு.

சரி, நீங்கள் பதவிக்கு வந்தால் முதல் மாதம் செய்ய வேண்டியது இதுதான்: படகு டிக்கெட் எண்ணிக்கை, நீரேற்று நிலையத்தின் தினசரி அளவு, குப்பை எடை, மூன்றையும் கடந்த சில வருடங்களுக்கு மாதவாரியாக ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். நெரிசலான மாதத்தையும் ஈ ஓட்டும் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிதி கேட்டு மேலே போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அல்ல. வருகையாளர் கட்டணம் போடுவதென்றால் அந்தத் தாளைக் காட்டியே போடுங்கள். அந்தப் பணம் தனிக் கணக்கில் விழ வேண்டும் என்று அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அது சம்பளப் பாக்கிக்குப் போய்விடும்.