எடிசன் மீது தவறான குற்றப்பத்திரிகை

கேள்வி: டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளைத் திருடித்தான் எடிசன் பெரிய ஆளானார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். 50,000 டாலர் தருவதாகச் சொல்லி டெஸ்லாவை ஏமாற்றியிருக்கிறார். மாறுதிசை மின்சாரத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர ஒரு யானையையே கொன்றிருக்கிறார். இவரைப் பாடப்புத்தகத்தில் வைத்துவிட்டு டெஸ்லாவை உலகமே மறந்தது நியாயமா?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எடிசன் மீது நீங்கள் சுமத்தும் மூன்று குற்றங்களும் நிற்காது. அவர் உண்மையில் செய்த குற்றமோ உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

50,000 டாலர் கதைக்கு மூலம், டெஸ்லாவே 1919-ல் ஒரு பத்திரிகையில் எழுதிய தன்வரலாறு. 24 வகை இயந்திரங்களை வடிவமைத்து முடித்தால் அந்தத் தொகை உண்டு என்று ‘மேனேஜர்’ வாக்குக் கொடுத்தார், முடித்த பிறகு அது வெறும் விளையாட்டு என்று தெரிந்தது, மனம் நொந்து வேலையை விட்டேன் என்கிறார். எடிசன் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை. அதே வரலாற்றில் எடிசனைப் பற்றி வேறொரு சம்பவம் உண்டு. 1884-ல் டெஸ்லா நியூயார்க் வந்திறங்கிய புதிது. ‘ஓரிகான்’ என்ற கப்பலின் டைனமோக்கள் பழுதாகி, கப்பல் கிளம்ப முடியாமல் நின்றது. டெஸ்லா இரவோடு இரவாக அவற்றைச் சரிசெய்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஐந்தாம் அவென்யூவில் நடந்து வருகிறார். எதிரே எடிசன். பாரிஸ்காரர் ராத்திரியில் ஊர் சுற்றுகிறார் என்று எடிசன் கிண்டல் செய்கிறார். கப்பலிலிருந்து வருகிறேன், இரண்டு இயந்திரமும் ஓடுகிறது என்கிறார் டெஸ்லா. எடிசன் ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துவிட்டு நகர்கிறார். நாலடி தள்ளிப் போனதும், இவன் கெட்டிக்காரன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது டெஸ்லாவின் காதில் விழுந்தது. டெஸ்லா 35 வருடம் நினைவில் வைத்திருந்து எழுதியது இதை.

அடுத்தது திருட்டு. டெஸ்லா முதலில் எடிசனின் பாரிஸ் நிறுவனத்தில் இருந்தவர். நியூயார்க்கில் எடிசன் நிறுவனத்தில் இருந்தது சில மாதங்கள்தான், 1885 தொடக்கத்தில் வெளியேறிவிட்டார். மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் அவருடைய மோட்டாருக்குக் காப்புரிமைகள் வந்தது 1888 மே மாதம். அவற்றுக்கு உரிமம் பெற்றவர் அமெரிக்கத் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். எடிசன் கடைசிவரை எதிர்த்துக்கொண்டிருந்த ஒன்றை அவரே திருடினார் என்பது எப்படிப் பொருந்தும்? நேர்திசை மின்சாரமா மாறுதிசை மின்சாரமா என்று நடந்த ‘மின்சாரப் போரில்’ எடிசனின் எதிரி டெஸ்லா அல்ல, வெஸ்டிங்ஹவுஸ்.

அந்தப் போரும் டெஸ்லாவின் மோட்டார் வருவதற்கு முன்பே மூண்டுவிட்டது. எடிசன் 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் நேர்திசை மின்சாரத்தைத் தந்தது. அது சுமார் ஒரு மைலைத் தாண்டினால் விளக்கு மங்கும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும், கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒரு பங்காகும். அப்படி உயர்த்தவும் வீட்டு வாசலில் மறுபடி இறக்கவும் அன்று இருந்த ஒரே எளிய வழி டிரான்ஸ்ஃபார்மர். அது மாறுதிசை மின்சாரத்தில்தான் வேலை செய்யும். 1885-ல் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையின் மூன்று பொறியாளர்கள் நல்ல டிரான்ஸ்ஃபார்மரைச் செய்துவிட்டார்கள். 1886 மார்ச்சில் மாசசூசெட்ஸின் கிரேட் பேரிங்டன் ஊரில் வில்லியம் ஸ்டான்லி தானே செய்த டிரான்ஸ்ஃபார்மர்களைக்கொண்டு கடைகளுக்கு விளக்கேற்றிக் காட்டினார். அதே ஆண்டே வெஸ்டிங்ஹவுஸ் வியாபாரத்தில் இறங்கிவிட்டார். அவரிடம் இல்லாதது இந்த மின்சாரத்தில் ஓடும் நல்ல மோட்டார். அதைத்தான் டெஸ்லா கொடுத்தார். அது மாபெரும் கொடை. ஆனால் மாறுதிசை மின்சாரத்தையே அவர்தான் கண்டுபிடித்தார் என்பது மற்ற அனைவருக்கும் செய்யும் அநீதி.

யானை டாப்ஸி கொல்லப்பட்டது 1903 ஜனவரி 4 அன்று, கோனி தீவில், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் உரிமையாளர்கள் எடுத்த முடிவால். எடிசனின் மின்நிறுவனம் 1892-லேயே ஜெனரல் எலக்ட்ரிக்கில் கரைந்து அவர் கையை விட்டுப் போயிருந்தது. மாறுதிசை மின்சாரத்தில் ஒளிர்ந்த 1893 சிகாகோ கண்காட்சியும், பிறகு நயாகரா அருவியின் மின்நிலையமும் போரை முடித்துவைத்திருந்தன. அவர் பெயரிலிருந்த படக் கம்பெனி அந்தக் கொடூரத்தைப் படம் பிடித்தது. அவருக்கு இதில் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

இனி உண்மையான குற்றத்துக்கு வருகிறேன். 1887 இறுதியில், தூக்குக்குப் பதிலாக மின்சாரத்தால் கொல்லலாமா என்று பஃபலோ நகரப் பல் மருத்துவர் ஒருவர் எடிசனிடம் கேட்டார். மரண தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று முதலில் ஒதுங்கிய எடிசன், மறுபடி கேட்டபோது பதில் எழுதினார்: மாறுதிசை இயந்திரங்கள்தான் இதற்குப் பொருத்தம். அவற்றைத் தயாரிப்பவர் வெஸ்டிங்ஹவுஸ் என்று பெயரையும் சேர்த்தே எழுதினார். அடுத்த ஆண்டு ஹெரால்ட் பிரவுன் என்ற மின்பொறியாளருக்குத் தன் வெஸ்ட் ஆரஞ்ச் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அங்கே நாய்களைக் கொன்று பார்த்தார்கள். டிசம்பரில் நிருபர்கள் முன்னிலையில் கன்றுகளையும் ஒரு குதிரையையும் கொன்றார்கள். பிரவுன் தன்னைப் பொதுநலக்காரர் என்று சொல்லிக்கொண்டார். 1889 ஆகஸ்டில் அவர் அலுவலகத்திலிருந்து களவுபோன கடிதங்களை ‘நியூயார்க் சன்’ நாளிதழ் வெளியிட்டபோது, வெஸ்டிங்ஹவுஸின் போட்டியாளர்கள் அவருக்குப் பின்னால் இருந்தது அம்பலமானது.

மரண நாற்காலிக்கு இயந்திரம் விற்க வெஸ்டிங்ஹவுஸ் மறுத்தார். பிரவுன் அவருக்குத் தெரியாமல் பழைய இயந்திரங்களை வேறு வழியில் வாங்கிச் சிறைகளுக்குச் சேர்த்தார். மின்சாரத்தால் சாவு உடனே வருமா என்ற விசாரணையில் எடிசன், உடனே வரும் என்று சாட்சி சொன்னார். நாடே மதித்த மேதையின் வாக்கு அது. 1890 ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லரை நாற்காலியில் கட்டினார்கள். முதல் முறை பாய்ச்சி நிறுத்தியபோது அவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி பாய்ச்சினார்கள். கெம்லர் கொலைகாரர்தான். ஆனாலும் ஒரு வியாபாரப் போட்டிக்காக ஒரு மனிதனின் சாவை விளம்பரமாக்க உதவியதை நான் எடிசனுக்கு மன்னிக்க மாட்டேன்.

நியூயார்க் வீதிகளுக்கு மேலே தொங்கிய உயர் அழுத்தக் கம்பிகள் அந்நாளில் ஆட்களைக் கொன்றதும் உண்மை. எடிசன் தன் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தவர். அவருடைய அச்சத்தில் பாதி நேர்மையானது என்றே நினைக்கிறேன். மீதிப் பாதிதான் கெம்லரிடம் போய் முடிந்தது.

டெஸ்லாவை உலகம் மறக்கவும் இல்லை. 1917-ல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் அவருக்குப் பதக்கம் அணிவித்தது. பதக்கத்தின் பெயர் எடிசன் பதக்கம், அவர் ஏற்றுக்கொண்டார். காந்தப்புல அளவுக்கு 1960 முதல் அவர் பெயரே அலகு.

மறக்கப்பட்டவருக்காக நீங்கள் வாதாட விரும்பினால் மிகைல் டோலிவோ-டொப்ரொவொல்ஸ்கியின் பெயரை எடுங்கள். ரஷ்யாவில் பிறந்து பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் வேலை செய்தவர். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரத்தில் ஓடும், கூண்டு வடிவச் சுழலும் பகுதி கொண்ட மோட்டாரை 1889-ல் செய்தார். 1891-ல் ஜெர்மனியின் லாஃபன் ஊரின் ஆற்று நீரில் பிறந்த மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குக் கொண்டுவந்த திட்டத்தில் முன்நின்றார். நயாகராவுக்கு நான்கு வருடம் முந்தைய சாதனை இது. உங்கள் மாவட்டத்துக் கிணறுகளில் ஓடும் த்ரீ ஃபேஸ் பம்ப்செட் மோட்டார் அவர் வகுத்த அமைப்பில்தான் இன்றும் சுற்றுகிறது.