எலிக்கு வந்த மரபணுச் சேதம் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 29. சில வருடங்களாக வயலில் மருந்து அடிக்கிறேன். பூச்சிமருந்து கொடுத்த ஆய்வக எலிகளின் மரபணு சேதமானதாகப் படித்தேன். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளவா?

பதில்: வேண்டாம். பணம்தான் வீண். வழக்கமான மரபணுப் பரிசோதனை பிறவியிலேயே வந்த மாற்றங்களைத் தேடுவது. மருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் ஏற்படும் முறிவு அதில் தெரியாது.

எலியில் என்ன பார்க்கிறார்கள்? மருந்து கொடுத்து ஓரிரு நாளில் எலும்பு மஜ்ஜையை எடுத்து நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். புதிதாக உருவான சிவப்பணுவிலிருந்து உட்கரு வெளியேறியிருக்க வேண்டும். அங்கே ஒரு சிறு துணுக்கு தங்கியிருந்தால் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் உடைந்திருக்கிறது, அல்லது செல் பிரியும்போது பின்தங்கிவிட்டது. அந்தத் துணுக்குக்கு மைக்ரோநியூக்ளியஸ் என்று பெயர். இந்தச் சோதனைகளில் உச்ச அளவாக எலியின் உடல் தாங்கும் எல்லைவரை மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்துக்குச் சேதம் செய்யும் திறன் உண்டா என்பதற்குத்தான் அது விடை. உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்பதற்கு அல்ல. டி.என்.ஏ. முறிவுகள் பலவற்றைச் செல்லே பழுதுபார்த்தும் விடும்.

அதற்காக எலிதானே என்று தள்ளிவிடவும் முடியாது. நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்து எலியின் விந்தகத்தைச் சுருங்க வைக்கிறது என்று 1961-லேயே எழுதியிருந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1977-இல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுவே இல்லை என்று தெரிந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. அடிக்கும் நேரத்தைவிட, பாட்டிலைத் திறந்து கலக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குப் பயம், கையில் படுவது தண்ணீர் கலக்காத மருந்து. நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும். முதுகில் கசியும் டேங்கை மாற்றுங்கள். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், மனைவி துவைக்க வேண்டாம்.

விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு மூன்று மாதம் முன்பே மருந்து அடிக்கும் வேலையிலிருந்து விலகிக்கொள்ள முடிந்தால் நல்லது. ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரும் பரிசோதனைக்குப் போங்கள், உங்களுக்கு முதலில் விந்துப் பரிசோதனை. அப்போது நீங்கள் அடிக்கும் மருந்துகளின் லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். ‘ஏதோ பூச்சிமருந்து’ என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.