பம்பரம் 1744லயே கப்பல் ஏறிடுச்சு

கேள்வி: கப்பலுக்கு 1740கள்லயே செயற்கைத் தொடுவானம் (கடலும் வானமும் சேர்ற கோடு தெரியாதப்ப, அதுக்கு பதிலா வச்சு சூரியன அளக்கற மட்டமான பரப்பு) செஞ்சாங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தீங்க. வேகமா சுத்தி நிலை மாறாம நிக்கற கைரோஸ்கோப்பே 1852ல ஃபூக்கோங்கற பிரெஞ்சு விஞ்ஞானி செஞ்சதுதானே? அதுக்கு முன்னாடி இருந்த பாதரசத் தட்டு கப்பல்ல வேலைக்கே ஆகாது. திருத்தம் போடுவீங்களா?

பதில்: போடறோம், ஆனா நீங்க கேக்கறது இல்ல. பாதரசத் தட்டு பத்தி சொன்னது சரி. கரையில தட்டுல ஊத்தினா அது தானா மட்டமா நிக்கும், மேல இருக்கற சூரியனுக்கும் தட்டுல தெரியற சூரியனுக்கும் நடுவுல உள்ள கோணத்த அளந்து பாதியாக்கினா சூரியனோட உயரம் வந்துடும். ஆடற கப்பல்ல அது தளும்பிக்கிட்டே இருக்கும், பிம்பம் நிக்காது. சரிதான், ஆனா இந்தத் தொல்லை அன்னிக்கு கடல்ல இருந்தவங்களுக்குத் தெரியாதா?

கோணம் அளக்க ஹாட்லியோட ஆக்டன்ட் 1731லயே வந்தாச்சு, ஆனா பனி மூடி கடலும் வானமும் சேர்ற கோடு மறைஞ்சிட்டா எதுலேர்ந்து அளக்கறது? உயரத்துல ஒரு டிகிரி தப்பினா அட்சரேகை 60 கடல் மைல் தள்ளிப் போயிடும், அந்த தூரத்துக்குள்ள ஒரு பாறை இருந்தா கப்பல் அவ்ளோதான். இதுக்குத்தான் ஜான் செர்சன்னு ஒரு இங்கிலாந்து மாலுமி பம்பரத்த எடுத்தாரு. கூரான முனை மேல நின்னு சுத்தற பம்பரம், அதோட மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேய்ச்ச உலோகம். வேகமா சுத்தற பம்பரம் நிக்கற நிலைய லேசுல விடாது. கப்பல் இந்தப் பக்கம் சாஞ்சு சில நொடியில அந்தப் பக்கம் சாஞ்சிடுது, அதுக்குள்ள கூடவே சாய பம்பரத்துக்கு நேரமே கிடைக்கறதில்ல. கண்ணாடி மட்டமா நிக்குது, அதுல சூரியனப் பாத்து அளந்துக்கலாம். கைரோஸ்கோப் செய்யற வேலையும் இதேதான்.

1744ல செர்சன் இந்தக் கருவிய சோதிச்சுப் பாக்க எச்எம்எஸ் விக்டரிங்கற போர்க்கப்பல்ல போனாரு (நெல்சனோட விக்டரி இல்ல, அது 1765ல கடல்ல இறங்கினது). அந்த வருஷம் அக்டோபர்ல அந்தக் கப்பல் இங்கிலீஷ் கால்வாய்ல புயல்ல சிக்கி மூழ்கிடுச்சு, கிட்டத்தட்ட 1,100 பேர், ஒருத்தர்கூட பொழைக்கல, செர்சனும் அதுலயே போயிட்டாரு. நெனைச்சா இப்பவும் மனசு கேக்கல. அப்புறம் 1750கள்ல ஸ்மீட்டன்னு ஒரு இங்கிலாந்து பொறியாளர் அதே பம்பரத்த எடுத்து இன்னும் நல்லா செஞ்சு பாத்தாரு.

கைரோஸ்கோப்புங்கற பேர வச்சது ஃபூக்கோதான், அதுல நீங்க சரி. ஆனா பேரு வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடியே பம்பரம் கடலுக்குப் போயிடுச்சு. இப்ப நாங்க போடற திருத்தம்: போன இதழ்ல "செஞ்சாங்க"ன்னு பொதுவா எழுதிட்டோம், "ஜான் செர்சன் செஞ்சாரு"ன்னு இருந்திருக்கணும்.