இரண்டு தரம் போனோம், கமரா ஒரு தரம்தான் பார்த்தது

கேள்வி: நான் திருகோணமலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓகஸ்ட் மாதம் லண்டனில் மகள் வீட்டில் நின்றேன். ஒரு சனிக்கிழமை காலை குடும்பமாக சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய், சாமான் வாங்கிக்கொண்டு முக்கால் மணித்தியாலத்துக்குள் வீடு திரும்பிவிட்டோம். தேங்காய்ப்பால் டின்னை மறந்தது நான்தான். அதற்காகப் பின்னேரம் மறுபடி போனோம். இப்போது ஒரு தனியார் பார்க்கிங் கம்பனி, கார் காலை 10.12 முதல் மாலை 4.31 வரை அங்கேயே நின்றது, 2 மணித்தியாலம்தான் அனுமதி என்று சொல்லி மருமகனிடம் 100 பவுண் கேட்கிறது. 14 நாளுக்குள் கட்டினால் 60. “கட்டிவிட்டு விடுவோம் மாமி” என்கிறார் மருமகன். என் மறதியால் வந்த செலவு. மகளுக்குத் தெரியாமல் நான் காசு அனுப்பட்டுமா? அன்று மத்தியானம் பேத்தி வீட்டு வாசலில் கார் கழுவும் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அதனால் ஏதும் பயன் உண்டா?

பதில்: ரீச்சர், காசு அனுப்ப வேண்டாம். அந்தப் படத்தை அனுப்புங்கள். நாள் எண்ணி நடக்கிற விஷயம் என்பதால் சுருக்கமான பதிலை முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். வாசலில் இருக்கும் கமரா, உள்ளே வரும் இலக்கத் தகட்டையும் வெளியே போகும் இலக்கத் தகட்டையும் படம் பிடிக்கிறது. காலையில் நீங்கள் வெளியே போனதும் பின்னேரம் உள்ளே வந்ததும் பதிவாகவில்லை. முன்னால் ஒரு லொறி மறைத்திருக்கலாம், வெயில் தெறித்திருக்கலாம். நடு இரண்டும் விழுந்துபோக, முதல் வருகையையும் கடைசிப் போக்கையும் கணினி சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. காலைப் பூசைக்குக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போய், வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டு, மாலைப் பூசைக்குத் திரும்பவும் போனவரைப் பார்த்து “ஆள் நாள் முழுக்கக் கோட்டைக்குள்தான் நின்றார்” என்று சொல்வது மாதிரி. கமரா வைத்த கார் பார்க்குகளில் இது பழகிப்போன பிழை. கடிதம் அனுப்புமுன் படங்களை ஓர் ஆள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று பார்க்கிங் கம்பனிகளுடைய சங்கங்களின் விதியிலேயே இருக்கிறது.

முதலில் பயத்தைக் கழற்றி வையுங்கள். இது பொலிஸ் குற்றப்பணமும் அல்ல, நகரசபைத் தண்டமும் அல்ல. “எங்கள் நிபந்தனையை மீறினீர்கள், அதற்கான தொகையைத் தாருங்கள்” என்று ஒரு கம்பனி கேட்கிறது, அவ்வளவுதான். கார் யார் பெயரில் பதிவோ அவருடைய விலாசத்தை டி.வி.எல்.ஏ. எனப்படும் அந்நாட்டு வாகனப் பதிவுத் திணைக்களத்திடம் 2.50 பவுண் கொடுத்து வாங்கித்தான் கடிதம் போடுகிறார்கள்.

ஆனால் லண்டன் சொந்தக்காரர்கள் சிலர் “தனியார் கடிதம்தானே, குப்பையில் போடு” என்பார்கள். அது பழைய கதை. செம்ஸ்ஃபோர்ட் நகரில் 2 மணித்தியால இலவசத் தரிப்பிடத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கூடுதலாக நிறுத்தியவரிடம் கேட்ட 85 பவுண் செல்லும் என்று 2015 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதன்பிறகு கண்டுகொள்ளாமல் இருப்பது ஆபத்து. கடன் வசூலிப்பவர்களின் கடிதம் வரும், தொகையில் இன்னும் 70 பவுண் வரை ஏறும், கடைசியில் வழக்கும் வரலாம். உங்கள் மருமகன் உண்மையிலேயே ஆறு மணித்தியாலம் நிறுத்தியிருந்தால் 60ஐக் கட்டச் சொல்லித்தான் நானும் எழுதியிருப்பேன்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். மத்தியானம் 1.20க்கு எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பேத்தி குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் மகள் வீட்டுக் கதவு, முன்னால் காரின் இலக்கத் தகடு. இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா! ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் படத்தை உடனே உப்புவெளியில் இருக்கும் தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். இப்போது திருகோணமலையில் இருந்துகொண்டு அந்த உரையாடலைத் திறந்தால், உங்கள் போன் அதை இலங்கை நேரத்தில் காட்டும். கோடையில் லண்டனைவிட நாம் நாலரை மணித்தியாலம் முன்னே. ஆகவே 1.20 உங்கள் திரையில் 5.50 ஆகிவிடும். அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பினால், பார்க்கிற ஆள் என்ன நினைப்பார்? 4.31க்கு வெளியே வந்த கார் 5.50க்கு வீட்டில் நிற்கிறது, சரிதானே என்று கம்பனிக்கு வசதியாக எடுத்துக்கொள்வார். நல்ல சாட்சியே எதிராகத் திரும்பிவிடும்.

அதனால் வட்ஸ்அப் பிரதி வேண்டாம். போன் கலரியில் இருக்கும் மூலப் படத்தை அப்படியே மின்னஞ்சலில் இணைத்து மருமகனுக்கு அனுப்புங்கள். எடுத்த திகதியும் நேரமும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரம் உதிர்ந்துவிடும். கூடவே, நீங்கள் கண்ட சாட்சியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள்: எத்தனை மணிக்குக் கடையிலிருந்து வீடு வந்தோம், மத்தியானம் கார் எங்கே நின்றது, பின்னேரம் எதற்காகத் திரும்பப் போனோம். தேங்காய்ப்பாலையும் விடாமல் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மறந்த சாமானுக்காகத் திரும்பிப் போனோம் என்பதை யாரும் நம்புவார்கள்.

மருமகன் தேட வேண்டியது கடைப் பற்றுச்சீட்டுகள் இரண்டையும். வங்கிக் கூற்றில் பெரும்பாலும் திகதி மட்டும்தான் இருக்கும், பற்றுச்சீட்டில் மணியும் நிமிடமும் இருக்கும். சீட்டுகளை எறிந்துவிட்டால், கடையின் புள்ளி அட்டைக் கணக்கில் அந்த விபரம் கிடைக்கக்கூடும். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் அந்த சுப்பர்மார்க்கெட் முகாமையாளரிடமே போகச் சொல்லுங்கள். நிலம் யாருக்காகப் பார்க்கப்படுகிறதோ அவர் ஒரு வார்த்தை சொன்னால், கம்பனி பேசாமல் கைவிடுவது நடக்கிற காரியம்.

அதற்காக மேன்முறையீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கடிதத் திகதியிலிருந்து 28 நாள் இருக்கிறது, ஆனாலும் 14 நாளுக்குள் அனுப்புவது புத்தி. அப்போது நிராகரித்தாலும் வழக்கமாக அந்த 60 பவுண் சலுகையைத் திரும்பத் தருவார்கள். கமரா பார்க்கில், கார் நின்ற நாளுக்குப் பின் 14 நாளுக்குள் முதல் கடிதம் கையில் கிடைத்திருக்கவும் வேண்டும். பிந்தியிருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓட்டியவர் யாரென்று தெரியாமல் பதிவுப் பெயர்க்காரரைப் பொறுப்பாக்க முடியாது. எனவே “நான் ஓட்டினேன்” என்று எழுதாமல் “வாகனம் வந்தது, வாகனம் போனது” என்றே எழுதச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை என்கிறேன். உங்கள் சாட்சிக் கடிதத்திலும் “மருமகன் ஓட்ட” என்று வந்துவிடாமல் பாருங்கள்.

அன்று முழுவதும் அந்த வாகனத்துக்குப் பதிவான எல்லாப் படங்களையும் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மருமகன் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். காலை 10.50க்கு வெளியே போன படம் அவர்களிடமே மூலையில் கிடந்தால், கதை அங்கேயே முடிந்துவிடும்.

கம்பனி மறுத்தால், அடுத்த படி பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். இது நம் பக்கத்து நாட்டுக் கலெக்டர் ஐ.ஏ.எஸ். அல்ல, கம்பனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதற்குரிய மேன்முறையீட்டு அமைப்பு. எது என்று மறுப்புக் கடிதத்தில் இருக்கும். பொப்லாவுக்கு 28 நாள், ஐ.ஏ.எஸ்ஸுக்கு 21 நாள், இரண்டுக்கும் கட்டணமில்லை. அந்தக் கட்டத்துக்குப் போனால் 60 பவுண் சலுகை பெரும்பாலும் போய்விடும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் சரியான ஆலோசகன் அல்ல. இருந்தாலும் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் கம்பனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். எதிராக வந்தாலும் மருமகனைக் கட்டுப்படுத்தாது, வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் வாதாடலாம். இந்தப் படம் இருக்கையில் நானாக இருந்தால் போவேன்.

மருமகனைப் பற்றி ஒன்று. அவருக்குத் தலையிடி வேண்டாம் என்பதுதான் “கட்டிவிடுவோம்” என்பதன் அர்த்தம், உங்களைக் குறை சொல்வதல்ல. “செலவை நான் தாறன்” என்று போனில் தொடங்கினால் அவர் இன்னும் கெதியாகக் கட்டிவிடுவார். “கடிதத்தை நான் எழுதித் தாறன், நீங்கள் அனுப்பினால் போதும்” என்று சொல்லிப் பாருங்கள். முப்பது வருசம் பிள்ளைகளின் கட்டுரை திருத்திய கைக்கு ஒரு பக்க ஆங்கிலம் பெரிய வேலையா?

தங்கச்சியிடமும் சொல்லிவையுங்கள், அந்தப் படத்தைப் போனில் இருந்து அழித்துவிட வேண்டாம் என்று.