நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன குறை?

குறை இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் ஃபிளக்ஸ் வைக்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் படித்தது கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளி. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஆடி மாதத்துக்குள் நானே போட்டு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று சாரிடம் போய் நின்றால், "நீதான் படிச்சிருவியே மக்கா, இதைத் திருத்து" என்று பேப்பர் கட்டைத் தந்துவிடுவார். பேப்பர் திருத்துவது, போர்டில் எழுதுவது, பேசுகிறவன் பெயரைக் குறிப்பது, இதுதான் என் படிப்பு. சாரைக் குற்றம் சொல்ல மாட்டேன், மேலிருந்து அவரிடம் கேட்பதே தேர்ச்சி சதவீதம் ஒன்றைத்தான்.

ஆனால் இன்றும் ஆறாத ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று மத்திய அரசின் தேர்வு ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கானது, தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உதவித்தொகை. அப்போது மாதம் 500 ரூபாய் (இப்போது 1,000), நான்கு வருஷத்துக்கு 24,000. எங்கள் பள்ளியில் அந்த வருஷம் விண்ணப்பமே போடவில்லை. அப்படி ஒரு தேர்வு இருந்ததே பன்னிரண்டாம் வகுப்பில், வேறு பள்ளிப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அன்று ராத்திரி அண்டி உடைத்துக் கறை ஏறிய அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் இன்ஜினியரிங்கில் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். அதுவரை திணறிப் படித்ததே இல்லை, அதனால் திணறும்போது என்ன செய்வதென்றே தெரியவில்லை. பள்ளியில் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒரு கஷ்டமான கணக்கைக் கொடுத்து, என்னைத் தப்பாகப் போட விட்டிருந்தாலே போதும்.

சரக்கல்விளை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த சிவன் இஸ்ரோ தலைவரானதை எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி சொல்வார்கள். கூடவே, "படிக்கிறவன் எங்க இருந்தாலும் படிப்பான்" என்றும் சொல்வார்கள். அவர் வந்தார், சரி. வராமல் போனவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

இப்போது அக்கா மகள் ஏழாம் வகுப்பு. கணக்கை முடித்துவிட்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் குறை சொன்னாராம். அடுத்த வருஷம் என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் எப்போது வருகிறது என்று தலைமையாசிரியரிடம் நானே போய்க் கேட்கப்போகிறேன். அதுவரை வாரம் ஒரு கணக்கு போனில் சொல்கிறேன், போன வாரக் கணக்குக்கு அவளுக்கு இன்னும் விடை வரவில்லை.